குழம்பு நிறக் கயிறு

எங்கள் ஊரில் கயிறு, தான் கட்டியிருக்கும் பொருளை இழுக்காது. தன் நிறத்தில் இருக்கும் பொருளைத்தான் இழுக்கும்.

படகுப் பாயின் உச்சியில் சிவப்புத் துணி தைத்திருந்தால், சிவப்புக் கயிற்றை இழுக்கும்போது பாய் ஏறும். பாயின் அடி மூலைக்கு நீலம். நீலத்தை இழுத்தால் பாய் காற்றைப் பிடிக்கும். சுக்கானுக்கு மஞ்சள். நங்கூரத்துக்குப் பச்சை. ஒரு பாய்மரப் படகுக்கு இந்த நாலு கயிறு போதும். முடிச்சுப் போட்டுக் கட்டுவதும் உண்டு. அது மரியாதைக்கு.

வாடைத்துறையில் கடலுக்குப் போவது மொத்தம் முப்பத்தொரு படகு. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பை வைத்தால் ஒருத்தர் கயிற்றை இழுக்க, அடுத்தவர் பாய் ஏறும். அப்புறம் கரைக்கு வந்து அடிதடிதான். ஆகவே முப்பத்தொரு சிவப்பு, முப்பத்தொரு நீலம், அதே போல மஞ்சள், பச்சை. நூற்று இருபத்து நாலு நிறம். அத்தனையும் காய்ச்சுவது நான். பெயர் கித்தேரி. ஊரில் என் வாய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, என் சட்டிக்குப் பயப்படாதவர்கள் இல்லை. ஒரு சொட்டு மாறினால் ஒரு குடும்பம் நடுக்கடலில் நிற்கும்.

இதில் ரெண்டு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். ஒரே நிறத்தில் ரெண்டு பொருள் இருந்தால் கிட்டத்தில் இருப்பது வரும். படகுக்கும் பொருளுக்கும் இடையில் எது கனம் குறைவோ அதுதான் நகரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதனால்தான் எங்கள் ஊரில் எல்லோரும் வெள்ளை உடுத்துகிறோம். பார்க்கிற வெளியூர்க்காரர்கள் தினமும் யாரோ செத்துப்போனதாக நினைத்துக்கொண்டு துக்கம் விசாரிப்பார்கள். நாங்களும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவோம். ஒரு தடவை மதுரையிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண் அரக்குச் சேலையோடு கடற்கரைக்குப் போனாள். ஏழாம் நம்பர் படகின் பாய்க்கயிறும் அதே அரக்கு. பாய்க்குப் பதில் அவள் பாய்மரத்தின் உச்சிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் இறக்கினார்கள். மேலே காற்று நல்லா இருக்கிறது என்றாள். தபால் பெட்டி மூன்று தடவை கடலுக்குப் போய்வந்த பிறகு அதற்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டோம்.

என் கைதான் எனக்குத் தொந்தரவு. இருபத்தாறு வருஷமாக எல்லா நிறத்தையும் கலக்கிய கை. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் ரேகைக்குள் இருப்பது போகாது. காலையில் படகுகள் கிளம்பும்போது சுண்டுவிரல் ஒரு படகுக்குப் போகப் பார்க்கும், கட்டைவிரல் இன்னொரு படகுக்கு. அதனால் படகு ஓடுகிற நேரம் முழுக்க நான் வீட்டுக்குள்ளேயே இருப்பேன். வீடு கனமானது. கை போய்ச் சுவரில் முட்டி நின்றுகொள்ளும். நிறம் காய்ச்சுகிறவள் படகில் ஏறக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஏறினால் முப்பத்தொரு பக்கமும் பிய்க்கும், அவ்வளவுதான்.

ஆக, கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் என் வீட்டுக்காரர் படகில் நான் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

வீட்டுக்காரர் பெயர் பிலவேந்திரன். பத்தொன்பதாம் நம்பர் படகு. கடலில் இருக்கும்போது பேசிக்கொண்டே இருப்பாராம். கரையில் கால் வைத்தால் வாயில் கொழுக்கட்டைதான். ஆடி மாசம் ஒரு நாள் காலையில் கயிற்றுச் சுருளோடு அடுக்களைக்கு வந்து நின்றார்.

"இந்தா, இது பச்சையா நீலமா?"

இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம் அது. கையில் இருந்தது மஞ்சள்.

டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண் டாக்டர் ரொம்ப நேரம் லைட் அடித்துப் பார்த்தார். புரை இல்லை, நரம்பும் நன்றாக இருக்கிறது என்றார். முப்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து இழுத்ததில் கண்ணுக்குள் இருந்த நிறம் தேய்ந்துவிட்டதாம். இனி எல்லாம் ஈர மணல் மாதிரிதான் தெரியும், கண்ணாடி போட்டால் ஈர மணல் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது ரெண்டு பேர் மனசிலும் ஓடியது ஒன்றுதான். புரட்டாசி முதல் சனிக்கிழமை நிறச் சோதனை.

வருஷா வருஷம் துறைச் சங்கத்துத் தலைவர் ஒவ்வொரு படகிலும் ஏறி அரை மைல் போவார். அவர் நிறத்தைச் சொல்லச் சொல்ல, படகுக்காரர் அந்தக் கயிற்றை எடுக்க வேண்டும். எடுக்கத் தெரியாவிட்டால் அந்தப் படகின் நாலு கயிற்றையும் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து வெளுத்துவிடுவார்கள். வெளுத்த கயிறு கடலுக்குப் போகக் கூடாது. அதை இழுக்க இழுக்க, கிட்டத்தில் இருப்பவரில் தொடங்கி வெள்ளை உடுத்திய ஊர் மொத்தமும் தண்ணீருக்குள் வந்துவிடும். ஆகவே படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, கயிற்றைச் சுருட்டி அதன் மேல் வைத்துவிடுவார்கள். ஆள் வலைக்கொட்டகையில் உட்கார்ந்து கிழிசல் தைக்கலாம். ஏற்கெனவே ரெண்டு பேர் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தர் சிரிப்பதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

"என்னைக் கரையில உக்கார வச்சா மூணு மாசம் தாங்க மாட்டேன் புள்ள" என்றார் வீட்டுக்காரர், பஸ்ஸை விட்டு இறங்கும்போது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. மீன் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

சங்கத் தலைவர் வேறு யாரும் இல்லை, என் கூடப்பிறந்த அண்ணன் வேதமாணிக்கம். தங்கச்சி புருஷனாயிற்றே என்று கண்டுகொள்ளாமல் விடுவார் என்று நினைத்தால் நீங்கள் அவரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அவர் பிடித்த முயலுக்கு மூணே கால். சொந்தக் கல்யாணத்தன்று, தாலியில் கோர்த்த மஞ்சள் பன்னிரண்டாம் நம்பர் சுக்கானோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டினார்.

அன்றைக்கே நான் கறுப்பு நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கயிற்றுக்கு நூல் சுற்றுவது என் வேலையில் சேர்ந்ததுதான். எந்தக் கயிற்றையும் எவ்வளவு இழுக்க வேண்டுமோ அந்த இடத்தில் நூல் சுற்றி மட்டு வைப்பேன். மட்டுக்கு மேல் கயிறு ஒரு விரல்கூட வராது. இப்போது கைப்பிடி வருகிற இடத்திலும் சுற்றினேன். சிவப்புக்கு ஒரு சுற்று, நீலத்துக்கு ரெண்டு, மஞ்சளுக்கு மூன்று, பச்சைக்கு நாலு. கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னேன். தடவினார். நாலும் சரி. மறுபடி கலைத்துப் போட்டேன். நாலும் சரி.

"மச்சான் தடவ விடுவாரா?" என்று கேட்டார்.

"நூல் சுத்தக் கூடாதுன்னு சங்கத்துச் சட்டப் புஸ்தகத்துல இல்ல. இருந்தா எனக்குத் தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் கயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"எனக்கு அஞ்சாவதா ஒரு கயிறு வேணும்."

"எதை இழுக்க?"

"வீட்டை. நாலும் தப்பிப்போச்சுன்னா, இழுத்தா வீட்டுக்கு வந்துர்ற மாதிரி ஒண்ணு கையில இருக்கட்டும்."

வீடு படகை விடக் கனம். ஆகவே கயிற்றை இழுத்தால் வீடு நகராது, படகுதான் வீட்டுக்கு வரும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக இது ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்றால், இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் வீட்டுக்கு வர அவ்வளவு அவசரம் இருந்ததில்லை.

நூற்று இருபத்தைந்தாவது நிறம் வேண்டும். எந்தப் படகோடும் ஒட்டாத நிறம். "என்ன நிறம்?" என்று கேட்டேன். கண்ணில் நிறம் இல்லாத மனுஷனிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் யோசிக்கவே இல்லை.

"நீ மீன் குழம்பு வைக்கிறப்ப, கொதி வந்து எண்ணெ மேல பிரியுமே, அந்த நிறம். அது எனக்கு மூக்குல தெரியும்."

செங்காவியும் மஞ்சளும் புளிக்கரைசலும் சேர்த்துக் காய்ச்சினேன். வாசத்துக்கு வெந்தயமும் வறுத்த மல்லியும் போட்டேன். கயிற்றைத் தோய்த்துக் காயப்போட்டு, சரியாக இருக்கிறதா என்று லேசாக இழுத்துப் பார்த்தேன். பின்வீட்டு மெற்றில்டாவின் குழம்புச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கி எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது. பின்னாலேயே அவளும் அகப்பையோடு வந்தாள்.

"மதினி, இன்னும் உப்புப் போடல" என்றாள்.

"எடுத்துட்டுப் போ. நாளைக்கு வராது."

ஒரு சிட்டிகை அடுப்புக்கரி கூட்டினேன். மறுநாள் அவள் சட்டி வரவில்லை. என் சட்டி மட்டும் லேசாக அசைந்தது. அது வீட்டுச் சட்டிதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வீட்டுக்குப் பூசினேன். வாசல் சுவர், ரெண்டு பக்கச் சுவர், நிலை, படி, ஓட்டுக்கு மேலும் ஏறி ஒரு கை. சாயம் காய்ச்சிய அஞ்சு சட்டியும் தீர்ந்துபோனது. அடுக்களையின் பின்சுவருக்கு மட்டும் இல்லை. அது மெற்றில்டா வீட்டைப் பார்த்த சுவர். அதில் ஒரு ஜன்னல் உண்டு. எங்கள் வீட்டுக்குக் காற்று அது வழியாகத்தான் வரும், மெற்றில்டாவும் அது வழியாகத்தான் வருவாள், அதாவது அவள் கை. மறுபடி காய்ச்சப் புளி இல்லை. மூணு சுவர் போதும், யார் எண்ணப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இந்தத் தொழிலில் அப்படி விடக் கூடாது. அடுத்தவர் படகுக்கு நான் விடவே மாட்டேன்.

கடைசியில் மட்டு வைக்க வேண்டும். படகு வீட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்க வேண்டும்? ரொம்ப நேரம் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாசலில் நின்று திட்டினால் அவர் காதில் விழ வேண்டும், ஆனால் நான் கத்தக் கூடாது. எட்டு முழத்தில் நூல் சுற்றினேன்.

சனிக்கிழமை காலையில் பதினெட்டுப் படகு சோதனை முடிந்து பத்தொன்பது வந்தது. அண்ணன் நோட்டும் பேனாவுமாக ஏறினார். நான் வீட்டுக்குள் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். படகு சின்னதாகும்வரை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சும்மா நின்றால் அழுதுவிடுவேன் போல இருந்தது. சாளை மீன் இருந்தது. குழம்பைக் கூட்டி வைத்தேன்.

அங்கே நடந்ததை ரெண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ரெண்டும் ஒன்றாக இருந்ததால் நம்புகிறேன்.

அண்ணன் "சிவப்பு" என்றார். இவர் தடவினார், ஒரு சுற்று, இழுத்தார், பாய் ஏறியது. "நீலம்." ரெண்டு சுற்று, பாய் காற்றைப் பிடித்தது. "மஞ்சள்." சுக்கான் திரும்பியது. அரை மைல் தாண்டியதும் "பச்சை" என்றார். நாலு சுற்று. விட்டார். நங்கூரம் இறங்கித் தரையைக் கவ்வியது. நாலும் சரி.

அண்ணன் நோட்டில் எழுதவில்லை. இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, கையை மடியில வைங்க" என்றார்.

வைத்தார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து முன்னால் பிடித்தார்.

"இது என்ன நிறம்?"

அந்த நூலில் சுற்று இல்லை. வாசமும் இல்லை. வீட்டுக்காரர் நூலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியில் அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"ஈர மணல் நிறம், மச்சான்" என்றார்.

அண்ணன் நோட்டை மூடினார். அவருக்கும் கண் கலங்கியதாக இவர் சொல்கிறார். ஈர மணலில் அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

"கரைக்குப் போவோம் மாப்பிள்ளை. சுண்ணாம்புத் தண்ணி சாயங்காலம்தான் காயும். அதுவரைக்கும் உங்க படகுதான்."

இவர் கால்மாட்டில் கிடந்த கயிறுகளில் குனிந்து மோந்து பார்த்தார். குழம்பு வாசம் வந்த கயிற்றை எடுத்து இழுத்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மனசில் இருந்ததாம்.

நங்கூரம் கீழேயே இருந்தது. சோதனையில் இருக்கும் படகில் தலைவர் நிறத்தைச் சொல்லாமல் எந்தக் கயிற்றையும் எடுக்கக் கூடாது. இறக்குவதற்குப் பச்சை சொன்னவர் ஏற்றுவதற்குச் சொல்லவில்லை. அவருக்கு மறந்துவிட்டது. இவரும் கேட்கவில்லை. அஞ்சாவது கயிற்றுக்குச் சோதனையில் பெயரே இல்லை, ஆகவே அதை இழுக்க யாரும் சொல்ல வேண்டியதில்லை. நங்கூரம் கவ்விய படகு என்பது கடல் தரையும் சேர்ந்த கனம். வீடு அவ்வளவு கனம் இல்லை.

குழம்பில் கொதி வந்து எண்ணெய் பிரியத் தொடங்கியபோது வீடு நகர்ந்தது. அடுப்பைக் குறைத்து வைத்தேன். சட்டியில் குழம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, சிந்தவில்லை. மணலைத் தாண்டும்போது காயப்போட்டிருந்த வலைகளைச் சிலர் ஒதுக்கி வழி விட்டார்கள். "எங்க போறீங்க?" என்று ஒருத்தர் கேட்டார். "அவரு கூப்பிட்டாரு" என்றேன். அப்புறம் தண்ணீர் படியை நனைத்தது.

கடலைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்ததில்லை. அது இவ்வளவு நீலம் என்று ஒரு பாவியும் எனக்குச் சொல்லவில்லை. அந்த நீலத்தை நான் எந்தப் படகுக்கும் வைத்ததில்லை. வைக்கவும் மாட்டேன், வைத்தால் எது வரும் என்று எனக்குத் தெரியும். மற்ற படகுகள் சுற்றிலும் இருந்தன. பத்து விரலும் பத்துப் பக்கம் போகப் பார்த்தன. நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீடு கூடவே இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

எட்டு முழத்தில் வீடு நின்றது.

படகில் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அண்ணன் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, நீ எதுக்கு வந்த?"

"நான் எங்க வந்தேன்? வீடு வந்துச்சு, உள்ள நான் இருந்தேன்." பிறகு அண்ணன் கையில் இருந்த நூலைப் பார்த்தேன். "என்னண்ணே, மூணாம் நம்பர் பாய்க்கயித்தை ஏன் பிச்சு வச்சிருக்க? அது தோமையாரு படகு. அந்தச் சிவப்பைக் காய்ச்ச எனக்கு ஒம்பது நாள் ஆச்சு."

அண்ணன் நூலைப் பார்த்தார். பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

"அது இருபத்தேழு. சுக்கான். மஞ்சள்ல ஒரு துளி சாம்பல்."

இன்னொன்று.

"பதினாலாம் நம்பர் நங்கூரம். வெயில்ல வெளுத்துப்போச்சு, புதுசா வைக்கணும்னு ரெண்டு மாசமாச் சொல்றேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல."

பையில் இருந்த பதினொரு நூலையும் எடுத்தார். பதினொன்றையும் சொன்னேன். அப்புறம் அண்ணன் சட்டப் புத்தகத்தை மனசுக்குள் புரட்டினார். அவர் புரட்டும்போது உதடு அசையும், எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஓர் இடத்தில் உதடு நின்றது.

"'படகின் கயிறு எட்டும் எல்லைக்குள் நிறமறிந்த கண் ஒன்று இருத்தல் வேண்டும்'" என்று வாய்விட்டுச் சொன்னார். "யார் கண்ணுன்னு போடல."

"போடலேல்ல?" என்றேன்.

"கயிறு படகோட கயிறுதானா?"

"நானே தோய்ச்சேன்."

அண்ணன் எழுந்து, கயிற்றை வீட்டுக்காரர் கையிலிருந்து வாங்கி, முழங்கையால் அளந்தார். ஒரு தடவை அளந்து, நம்பாமல் திரும்ப அளந்தார். எட்டு முழம். உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, பத்தொன்பதுக்கு நேராக எழுதினார்: "நிறம் தெரிகிறது." அடியில் கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு என்ன நிறமாகத் தெரிந்தேனோ, ஈர மணலாகத்தான் தெரிந்திருக்கும். "கடல் எப்படி இருக்கு புள்ள?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாகச் சாயங்காலம் அவர் வந்ததும் நான் அவரிடம் கேட்கிற கேள்வி அது.

"இருக்கு, இருக்கு. மொதல்ல சாப்புட வாங்க" என்றேன்.

படகில் கிடந்த மூங்கிலை வாசற்படிக்கும் படகுக்கும் குறுக்கே போட்டு ரெண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் மூன்று தடவை சோறு வாங்கினார். ஒரு ஆளைப் பெயிலாக்கிப் பிறகு பாஸாக்கியதில் பசி கூடிவிட்டது என்றார்.

சாயம் போதாத பின்சுவர் எங்களோடு வரவில்லை. அது கரையிலேயே, அதன் இடத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே அடுக்களையின் பின்பக்கம் திறந்து கிடந்தது, அந்த வழியாகத் தூரத்தில் ஊர் வெள்ளையாகத் தெரிந்தது. சுவர் கரையில் நின்றாலும் அதன் ஜன்னல் எங்கள் வீட்டுக்குத்தானே திறக்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தத் திறப்பில், வழக்கமாக ஜன்னல் இருக்கும் உயரத்தில், ஒரு கை கிண்ணத்தோடு நீண்டது.

"மதினி, கொஞ்சம் புளி இருக்கா?"

"எல்லாம் சாயத்துல போச்சு மெற்றில்டா. குழம்பு இருக்கு, ஊத்தவா?"

"ஊத்துங்க."

ரெண்டு அகப்பை ஊற்றி, ரெண்டு துண்டு மீனும் போட்டேன். கை கிண்ணத்தோடு திரும்பிப் போனது.

"ஜன்னலைச் சாத்திட்டுப் போடி. காத்துல அடுப்பு அணையுது" என்றேன்.

ஜன்னல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அடுப்பு நின்று எரிந்தது. சாப்பாடு முடிந்து ரெண்டு பேரும் மூங்கிலில் நடந்து படகுக்குப் போனார்கள். நான் வாசலில் வந்து நின்றேன். அண்ணன் நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இனி நிறம் சொல்வது என் வேலை என்பது போல என்னைப் பார்த்தார்.

"பச்சை" என்றேன். நாலு சுற்றுக் கயிற்றைத் தேடி எடுத்து இழுத்தார் வீட்டுக்காரர். நங்கூரம் ஏறியது. "நீலம்" என்றேன். இழுத்தார். பாய் துணி காயப்போட்ட மாதிரி சும்மா தொங்கியது.

"கித்தேரி, காத்தே இல்லையே" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். முப்பத்தொரு படகின் பாயும் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுக்களைக்குப் போய், பின்பக்கம் கடலைப் பார்த்து, "மெற்றில்டா! ஏ மெற்றில்டா! அந்த ஜன்னலைத் திற" என்றேன்.

"எவ்வளவு மதினி?" என்று கேட்டாள். வாயில் சோறு இருந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்து அவரிடம் கேட்டேன். பாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு சாண் போதும்" என்றார்.

போய்ச் சொன்னேன். அவள் ஒரு சாண் திறந்தாள்.